மூன்றாவது சென்சார்

பெட்ரோல் பங்க் ஓரமாக நின்ற புகைப் பரிசோதனை வேனிலிருந்து ஆள் இறங்கி வந்த நடையைப் பார்த்தபோதே ஷெர்லினுக்கு முடிவு தெரிந்துவிட்டது. பாஸ் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சீட்டை நீட்டியிருப்பான்.

“ஃபெயில் மேடம். கார்பன் மோனாக்சைடு எகிறுது. சர்வீஸ் பண்ணிட்டு வாங்க.”

“போன வாரம்தானே பண்ணினோம்!”

“அப்ப இன்னொரு வாட்டி பண்ணுங்க.”

பின் சீட்டிலிருந்து மாமியார் லூர்தம்மாள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

“ஏம்ப்பா, கொஞ்சம் பாத்து ஒரு பாஸ் போட்டுக் குடேன். இன்னிக்கு எஃப்.சி.க்குப் போவணும்.”

“மிஷின் போடுதும்மா. நான் போடல.”

“மிஷினு இன்னா உன் மாமியாரா? நீ சொன்னா கேக்காதா?”

அந்த ஆள் சிரித்துவிட்டான். ஷெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. டாஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் லூர்தம்மாள் ஒரு வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாள். மாதாவின் நீலப் பட்டுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் வெளிச்சம் கசிந்தது.

காரின் பதிவுக்குப் பதினைந்து வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது. புகைச் சான்று இல்லாமல் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இல்லை. எஃப்.சி. இல்லையென்றால் கார் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கணவன் கார்முகில் அதைத் தட்டில் கையைக் கழுவுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்லி முடித்திருந்தான். “எஃப்.சி. கிடைச்சா வண்டி இருக்கட்டும். கிடைக்கலன்னா மறுநாளே ஷோரூம்காரன் வந்து எடுத்துட்டுப் போயிடுவான். விலை பேசி வெச்சிட்டேன்.”

“அப்புறம் நான் வேலைக்கு எதுல போவேன்?” என்று ஷெர்லின் கேட்டாள்.

“கொஞ்ச நாள் வூட்ல இரேன். கால் நல்லா ஆவட்டும்.”

கால் நல்லாகித்தான் இருந்தது. ஒரகடம் பாலத்துக்குக் கீழே கன்டெய்னர் லாரி ஒதுக்கியதில் ஸ்கூட்டரோடு விழுந்து, இடது முழங்காலில் தகடு வைத்து, இரண்டு மாசம் மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டில் கிடந்து எழுந்து வந்தவள் அவள். கிளட்சு மிதிக்கலாம், ஆனால் ஸ்கூட்டர் மட்டும் இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வேலை செய்யும் சைலன்சர் கம்பெனியின் பஸ் அவர்கள் வீடு இருக்கும் பென்னலூர்ப் பக்கமே வருவதில்லை. ஆக, மாமனார் வாங்கி வைத்துவிட்டுப் போன இந்தப் பழைய கார்தான் அவளுக்கு வேலை, சம்பளம், காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிற நிம்மதி, எல்லாம்.

மார்த்தாண்டத்திலிருந்து திரும்பி வந்த அன்றே அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு. மாத்திட்டா சரியாயிடும்” என்றான் கார்முகில். மாற்றினான். இரண்டு நாள் அணைந்து மறுபடி எரிந்தது. “டூப்ளிகேட் போட்டு ஏமாத்திட்டான்” என்று திட்டிக்கொண்டே இன்னொன்று மாற்றினான். அதுவும் அதே கதை.

இன்று விடியற்காலையிலேயே மூன்றாவது சென்சார் வாங்கச் சென்னைக்கு, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறிவிட்டான். இந்த வாரம் அவனுக்கு செகண்ட் ஷிப்ட்.

“இப்ப இன்னாம்மா பண்றது?” என்றாள் லூர்தம்மாள்.

“கண்ணப்பன் ஷெட்டுக்குப் போறோம் அத்தை. மதியத்துக்குள்ள இதுக்கு ஒரு முடிவு பாக்காம விடுகதில்ல.”

கோபம் வந்தால் ஷெர்லினின் பேச்சு தானாகத் தெற்கே போய்விடும். லூர்தம்மாளுக்கு அது பழகிப்போனது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

*

பிள்ளைப்பாக்கம் போகிற வழியில், ‘மனைகள் விற்பனைக்கு’ என்ற பெரிய போர்டின் நிழலில்தான் கண்ணப்பனின் தகர ஷெட் இருந்தது. கண்ணப்பன் வண்டியைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

“வந்துட்டீங்களா? சார் போன் பண்ணாரு. சென்சார் எடுத்துட்டு வரேன், ரெடியா இருன்னாரு.”

“சென்சார் மாத்தாண்டாம் அண்ணே.”

“ஏன்?”

“ரெண்டு தடவ மாத்தியாச்சு. மூணாவது தடவ மாத்துனா மட்டும் என்ன ஆயிடப் போகுது?”

“நான் இன்னா மேடம் பண்றது? சார் மாத்துன்னாரு, மாத்துனேன். ஸ்கேனர்லயும் அதானே காட்டுது. பின்னாடி சென்சார்னு.”

இதுதான் ஷெர்லினுக்கு எரிச்சல். ஸ்கேனர் எதைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறதோ அதையே பிடித்துக் கழற்றி எறிவது. கார்முகிலும் அப்படித்தான் என்று அவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தாள். அவன் கார் கம்பெனியின் அசெம்பிளி லைனில் நிற்கிறவன். அங்கே டெஸ்டரில் சிவப்பு எரிந்தால் பார்ட்டைக் கழற்றிச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டியது, புதியதை மாட்ட வேண்டியது. ஏன் சிவப்பு எரிந்தது என்று கேட்க லைன் நிற்காது. அதைக் கேட்பதற்கு வேறு ஆட்கள். அந்த வேறு ஆட்களில் ஒருத்திதான் ஷெர்லின். அவளுடைய வேலையே, பற்றவைத்து வரும் சைலன்சரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே, எதனால் தப்பு என்று சொல்வது.

வீட்டில் அவள் சொல்வதற்குத்தான் மதிப்பில்லை. “ஒருக்கா வயரைப் பாருங்க”, “ஒருக்கா பைப்பைப் பாருங்க” என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்! “நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கம்பெனியில் ஒரு தோழியிடம் இரவல் வாங்கி வந்த சின்ன ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினாள். போனில் படம் வந்தது. இரண்டு கோடுகள்.

“இன்னாம்மா, டி.வி.யா?” என்று லூர்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“அத்தை, எஞ்சின்லருந்து வர்ற பொகைக்கு இந்தக் கார்ல ரெண்டு மூக்கு இருக்கு. ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. நடுவுல ஒரு டப்பா. கெட்ட பொகையைச் சுத்தம் பண்றது அந்த டப்பாதான். முன் மூக்கு அழுக்குப் பொகையை மோந்து எஞ்சினுக்குச் சொல்லும். பின் மூக்கு, டப்பா ஒழுங்கா வேலை செய்யுதான்னு மோந்து பாக்கும்.”

“சரி.”

“முன் மூக்கோட கோடு இப்படி மேல கீழ துள்ளிக்கிட்டே இருக்கும். அது சரிதான். பின் மூக்கோட கோடு செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி மாதிரி அசையாம நிக்கணும்.”

லூர்தம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“ரெண்டும் சேந்துல்ல ஆடுது?”

“அதான் அத்தை. ரெண்டும் சேந்து ஆடுது.”

கண்ணப்பன் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, “அப்ப பின்னாடி சென்சார் போச்சுன்னுதானே அர்த்தம்?” என்றான்.

“பழைய சென்சார் வெச்சிருக்கீங்களா அண்ணே? கம்பெனியிலருந்து வரும்போதே இருந்தது?”

இருந்தது. தகர டப்பாவில் நட்டு, போல்ட்டுகளுக்கு நடுவே கிடந்தது. ஷெர்லின் அதை மாட்டச் சொன்னாள்.

“கழட்டிப் போட்டதையே திரும்ப மாட்டுறதா? ஊர்ல எவனாவது கேட்டா சிரிப்பான் மேடம்.”

“சிரிக்கட்டும்.”

கண்ணப்பன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை லிப்டில் ஏற்றினான். அவன் மாட்டுவதற்குள் லூர்தம்மாள் இரண்டு முறை மணி கேட்டுவிட்டாள். மாட்டி, இறக்கி, எஞ்சினைச் சூடாக்கி, போனைப் பார்த்தார்கள். அதே ஆட்டம். ஒரு பிசகு இல்லாமல் அதே ஆட்டம்.

“பழசு, புதுசு, அதுக்கும் புதுசு. மூணும் ஒரே பொய்யைச் சொல்லுமா அண்ணே?”

கண்ணப்பன் தலையைச் சொறிந்தான்.

“வயரு?”

பார்த்தார்கள். வயரை அசைத்தார்கள், இழுத்தார்கள், கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். குறை இல்லை.

“பைப்புல எங்கயாவது லீக் இருக்கும். வெளிக்காத்து உள்ள போனாலும் சென்சார் இப்படி உளறும்” என்றான் கண்ணப்பன். இப்போது அவனுக்கே விஷயம் பிடித்துக்கொண்டது. ஈரத் துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயை ஒரு கணம் அடைத்தான். ஓட்டை இருந்தால் எங்கேயாவது ‘உஸ்’ என்று காட்டிக்கொடுக்கும். ஷெர்லின் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். தகடு வைத்த முழங்கால் சுருக்கென்று குத்தியது. எஞ்சின் திணறியதே தவிர, எங்கேயும் காற்று கசியவில்லை.

வெளியே ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டன. எஃப்.சி. டோக்கன் நேரம் நெருங்குகிறது என்று பொருள். ஷெர்லின் நிமிர்ந்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“வண்டியை மேல ஏத்துங்க. அந்த டப்பாவைப் பாக்கணும்.”

“அதுல இன்னா மேடம் கீது? அது பாட்டுக்கு ஓடும். அதெல்லாம் கெடாது.”

“எல்லாத்தையும் பாத்தாச்சு. பாக்காதது அது ஒண்ணுதான்.”

“மேல சூடு தடுக்கிற ஹீட் ஷீல்டு கீது. பதினஞ்சு வருஷத் துரு. போல்ட் ஒடைஞ்சிடுச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது.”

“நான் திட்ட மாட்டேன்.”

“சார் திட்டுவாரு.”

“அவரை நான் திட்டுதேன். ஏத்துங்க.”

லூர்தம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, “உம் பொண்டாட்டி கிட்டயும் இப்படித்தான் வாயடிப்பியா கண்ணப்பா? சீக்கிரம் ஏத்து” என்றாள்.

வண்டி மேலே போனது. கண்ணப்பன் ஸ்பானரை வைத்து முழு பலத்தையும் கொடுக்கத் தயாராகி ஒரு இழுப்பு இழுத்தான். போல்ட் வெண்ணெய் மாதிரி கழன்று வந்தது. பலத்தை எதிர்பார்த்து நின்றவன் ஒரு அடி தடுமாறிப் போனான். இரண்டாவதும் அப்படியே. விரலில் ஒட்டிய கிரீஸை மோந்து பார்த்தான்.

“இது யாரோ கழட்டி மாட்டினது” என்றான்.

“நீங்க இல்லையா?”

“அந்தோணியார் சத்தியமா நான் இல்ல.”

“இந்துக்காரன் நீ, அந்தோணியாரை ஏன்டா இழுக்குற?” என்றாள் லூர்தம்மாள்.

ஷீல்டு கீழே இறங்கியது. கண்ணப்பன் ஸ்பானரின் பின்பக்கத்தால் டப்பாவைத் தட்டினான்.

டங்.

இன்னொரு தரம் தட்டினான். டங். உள்ளே தேன்கூடு மாதிரி அடைத்து வைத்திருக்கும், பிளாட்டினம் பூசிய பீங்கான் இருந்திருந்தால் சத்தம் ‘தொப்’பென்று அமுங்கியிருக்கும். இது கல்யாண வீட்டு அண்டாவைத் தட்டிய மாதிரி கணீரென்றது.

“மேடம்... உள்ள ஒண்ணுமே இல்ல.”

ஷெர்லின் போன் டார்ச்சைப் போட்டு டப்பாவின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நீளவாட்டில் வெட்டித் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, மறுபடி மூடிப் பற்றவைத்திருந்தார்கள். வெல்டிங் கோடு அவ்வளவு சுத்தம். மீன் செதில் அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அளவில் போயிருந்தது.

“ரோட்டோரக் கடை வேலை இல்ல இது. கம்பெனி வேலை” என்றான் கண்ணப்பன்.

அவன் சொல்லி ஷெர்லினுக்குத் தெரிய வேண்டியதில்லை. கோடு முடிகிற இடத்தில்தான் அவள் கண் நின்றது. அங்கே பற்றவைத்தவன் கையை ஒரு தரம் பின்னால் இழுத்து, பள்ளத்தை நிரப்பி, சின்னதாக ஒரு மொக்கு விட்டிருந்தான். மொக்கு தப்பான பக்கம் சாய்ந்திருந்தது. இடது கைக்காரன் முடித்தால்தான் அப்படிச் சாயும்.

கம்பெனியில் வெல்டர் ஒவ்வொருவனுக்கும் ஒரு முடிப்பு உண்டு. முத்திரையைப் பார்க்காமலேயே இது இன்னார் கை என்று இன்ஸ்பெக்டர்கள் சொல்லிவிடுவார்கள். இந்த மொக்கை அவள் மூன்று வருஷம் தினமும் பார்த்திருக்கிறாள். “தம்பி, உன் கையெழுத்தை வால் இல்லாம போட மாட்டியா?” என்று கேலி செய்திருக்கிறாள். கார்முகிலின் தம்பி, அவள் கொழுந்தன், செந்தமிழன். வேறு கம்பெனிக்கு மாறிப் போகிறவரை அவளுடைய லைனில்தான் இருந்தான்.

“என்னம்மா ஆச்சு? மூஞ்சி வெளுத்துப் போச்சு?” என்றாள் லூர்தம்மாள்.

“ஒண்ணுமில்ல அத்தை. வெயில்.”

*

போர்டு நிழலுக்கு நகர்ந்து செந்தமிழனுக்குப் போன் போட்டாள். வேலை லைனில் நின்றால் எடுக்க மாட்டான். எடுத்தான். பின்னால் கேன்டீன் தட்டுகளின் சத்தம்.

“சொல்லுங்க அண்ணி. எஃப்.சி. முடிஞ்சுதா?”

“தம்பி, ஒரு வெல்டு பாத்தேன்.”

“எங்க?”

“நம்ம கார்ல. சுத்தமான வேலை. வால் மட்டும் இருக்கு.”

தட்டுகளின் சத்தம் தள்ளிப் போனது. அவன் எழுந்து வெளியே வருகிறான் போலிருந்தது.

“தம்பி?”

“அண்ணி... அம்மா பக்கத்துல கீதா?”

“கொஞ்சம் தள்ளி இருக்காங்க. உள்ள இருந்தது எங்க தம்பி?”

“சாயந்தரம் வூட்டுக்கு வரேன். எல்லாம் சொல்றேன்.”

“எனக்கு இப்ப சொல்லணும். இன்னிக்கு வண்டி பாஸ் ஆகலன்னா நாளைக்கு எடுத்துட்டுப் போயிருவான். என் வேலை போயிரும். உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும் அண்ணி. சத்தியமா இப்படி ஆவும்னு நெனைக்கல. சாயந்தரம் வரைக்கும் அண்ணன் கிட்ட மட்டும் ஒண்ணும் கேட்டுடாதீங்க. உங்க கால்ல விழறேன்.”

வைத்துவிட்டான்.

அண்ணன் கிட்ட சொல்லிவிடாதே என்கிறான். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். கார்முகில் கோபக்காரன். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு செல்போனுக்காகவே அண்ணனும் தம்பியும் மாசக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். சொந்த வீட்டு வண்டியின் வயிற்றையே தம்பி அறுத்தெடுத்துவிட்டான் என்று தெரிந்தால் வீடு இரண்டாகும். லூர்தம்மாள் தாங்க மாட்டாள். சொல்லாமல் விட்டாலோ, இத்தனை நாள் சென்சார் சென்சார் என்று அலைந்து, விடியாத நேரத்தில் ஜி.பி. ரோட்டுக்கு ஓடுகிற மனுஷனை இன்னும் முட்டாளாக்குகிற மாதிரி ஆகும். பாவம், அவரும்தான் எத்தனை அலைச்சல் அலைகிறார்!

முதன்முதலாக அன்றைக்கு அவளுக்குத் தன் புருஷன் மேல் இரக்கம் வந்தது. பக்குவமாகச் சொல்ல வேண்டும், கண்ணப்பன் முன்னால் வேண்டாம், வண்டியில் போகும்போது சொல்லலாம் என்று வாக்கியத்தைக்கூட மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கார்முகில் இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி.

“கிடைச்சிடுச்சு!” என்றான் தூரத்திலிருந்தே. “ஒரிஜினல். சீல் ஒடைக்கல. கண்ணப்பா, மாட்டு. இந்த வாட்டி வெளக்கு போயே ஆவணும்.”

ஷெட்டுக்குள் வந்தான். லிப்டில் வண்டி நின்றது. கீழே, அவன் காலடியில், கழற்றிப் போட்ட ஹீட் ஷீல்டு கிடந்தது. அதன் மேல் கிரீஸ் தடவிய போல்ட்டுகள். கார்முகில் அதைத் தாண்டிக்கொண்டு நடந்தான்.

தாண்டும்போது அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்பதை ஷெர்லின் பார்த்தாள்.

மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியம் கலைந்தது. கண்ணப்பன் கையிலிருந்த ஸ்பானரை அவள் வாங்கினாள். டப்பாவை ஓங்கித் தட்டினாள்.

டங்ங்...

“இன்னாடா கார்முகிலு அது, காலிக் குடம் மாதிரி சத்தம்?” என்று லூர்தம்மாள் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டாள். “காலையிலருந்து அதைத்தான் தட்டிக்கினு கீறாங்க. உள்ள ஒண்ணுமே இல்லையாம்!”

கண்ணப்பன் அவனைப் பார்த்தான். எதிர் டீக்கடையில் நின்ற ஒரு ஆள்கூடத் திரும்பிப் பார்த்தான்.

கார்முகில் மட்டும் தலை நிமிரவில்லை. புதுச் சென்சாரின் பெட்டியில் ஒட்டியிருந்த சீலை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். நகம் வழுக்கியது. மறுபடி கீறினான்.

அது என்ன சத்தம் என்று அவன் கேட்கவே இல்லை. தெரிந்தவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

ஷெர்லின் ஸ்பானரைக் கீழே வைத்தாள். “அண்ணே, வண்டியை இறக்குங்க” என்றாள்.

வண்டி மெல்ல இறங்கித் தரை தொட்டது. அவள் கதவைத் திறந்து, மாதா ஸ்டிக்கரை ஓரம் கிழியாமல் உரித்து லூர்தம்மாள் கையில் கொடுத்தாள். பிறகு, நாளைக்கு ஷோரூம்காரன் வந்தாலும் கிடைக்காதபடி, சாவியை உருவிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அந்த ஜிப் சத்தம் எவ்வளவு இருக்கும்! அதற்குக் கார்முகில் சட்டென்று நிமிர்ந்தான்.

“சாவியை எங்க வெக்கிற?” என்றான்.